பொருள் என்னும் இடத்தில்

முதல் திங்கட்கிழமை மூன்றே பேர்.
விடுதிச் சமையலறையிலிருந்து
சொல்லாமல் தூக்கி வந்த மடக்கு மேசை,
ஏழு பேனா, ஒரு கட்டு வெள்ளைத்தாள்.
விளமல் நிறுத்தத்தில் இறங்கி
கலெக்டர் ஆபீஸ் மதிலோரம்
ஒரு புங்கமர நிழலைப் பிடித்தோம்.
'மனு இலவசமாக எழுதித் தரப்படும்'
அட்டை எழுதியவள் நஸ்ரத்.
'இலவசமாக'வில் விட்டுப்போன காலை
அப்புறம் இடுக்கில் செருகியிருந்தாள்.

யாரும் வரவில்லை.
நாற்பது ரூபாய்க்கு எழுதும் ரெத்தினசபாபதி
பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து,
"பதினோரு மணிக்கு வெயில் இந்தப் பக்கம் திரும்பிடும்" என்றார்.
அக்கறையா, மிரட்டலா, தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
நான் வந்தது நூற்றிருபது மணிநேரத்துக்காக.
வருஷத்துக்கு அவ்வளவு சேவை செய்தால்
சான்றிதழில் ஒரு முத்திரை விழும்.

தை பிறப்பதற்குள் பத்தொன்பது பேரானோம்.
விலங்கியல் பையன்கள் சிலர்
பஸ்ஸை விட்டுவிட்டு
ஓடம்போக்கிப் பாலம் தாண்டி நடந்தே வந்தார்கள்.
பட்டா, உட்பிரிவு, அடங்கல், புறம்போக்கு:
எந்தப் பருவத் தேர்விலும் கேட்காத தமிழ்.
நாற்று முடி பிரித்துப் பிரித்து
ரேகை தேய்ந்த ஒரு கட்டைவிரல்;
கருவி அதை அடையாளம் காணாததால்
ஏழு மாதமாய் உதவித்தொகை இல்லை.
அந்த ஊருக்கு இன்சூரன்ஸ் எண்பது சதவீதம்,
எங்க ஊருக்குச் சுழியம்,
நடுவுல ஒரே ஒரு வரப்பு, எழுதும்மா என்றார் ஒருவர்.
மழைக்கு வரப்பு தெரியுமா என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.
சேர்த்தேன்.

கன்று செத்த கதை உள்ள ஊர் இது.
"மணியடிச்ச பசுவுக்கு
யாருடா மனு எழுதிக் கொடுத்தது?"
இளந்திரையன் கேட்டபோது
ஏனோ ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் பவுனாம்பாள் வந்தார்.
கையில் தண்ணீர் பாட்டில்.
மோர் என்று நினைத்தேன்.
மேசையில் வைத்ததும் வாடை வந்தது.
ஒன்றரை மா. வாய்க்கால் பாய்ச்சல்.
பயிர் அடியிலிருந்து கறுக்கிறது.
"யார் மேல மனு?"
அவர் பதில் சொல்லவில்லை.
என் கழுத்தில் தொங்கிய அட்டையை
விரலால் தொட்டுக் காட்டினார்.

ஆமாம், எங்கள் கல்லூரி.
விடுதிச் சமையலறைக் கழிவு, குளியலறைக் கழிவு,
பின்மதிலில் ஒரு ஓட்டை, அதன்கீழ் அவர் வாய்க்கால்.
ஆயிரத்து இருநூறு தட்டு கழுவிய எண்ணெய்
தினம் மூன்று வேளை.
அதில் ஒன்று என் தட்டு.
நாங்கள் முழங்கை ஊன்றியிருந்த மேசையும்
அங்கிருந்து வந்ததுதான்.

பத்தொன்பது பேனாவும் நின்றன.
நஸ்ரத் தன் அட்டையைத் திருப்பிப் போட்டாள்.
ஒருவன் போன் வந்ததுபோல் எழுந்து போனான்.
அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன்.
'பொருள்' என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்து
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.
பவுனாம்பாள் அவசரப்படுத்தவில்லை.
முந்தானையால் பாட்டிலின் அடியைத் துடைத்தார்,
எங்கள் தாள் நனையக் கூடாதென்று.

எழுதினேன்.
கல்லூரிப் பெயரைச் சுருக்காமல்,
பட்டமளிப்பு அழைப்பிதழில் இருப்பதுபோல்
முழுசாக எழுதினேன்.

அடுத்த திங்கள் மேசை இல்லை.
வார்டன் வாங்கி வைத்துக்கொண்டார்.
பதினோரு பேர்தான் வந்தோம்,
பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதினோம்.
ரெத்தினசபாபதி தன் பெஞ்சில் பாதியைக் காலி செய்தார்.
"நாளைக்குப் பத்து ரூபா வாடகை.
ஓசில எழுதுறவங்களுக்கு ஓசில பெஞ்சு கெடையாது."
கொடுத்தோம்.

ஓட்டை இன்னும் அடைபடவில்லை.
மனு எண் இருக்கிறது, மனப்பாடம்.
இரவு சேவைப் பதிவேட்டைத் திறந்தேன்:
தேதி, மணிநேரம், செய்த பணி.
முகாம், பேரணி, மரக்கன்று,
எதற்கு நேராக அந்த ஒரு மணிநேரத்தைப் போடுவது?
அந்தக் கட்டத்தில்
வாய்க்கால் என்று மட்டும் எழுதிவிட்டு
தட்டைக் கழுவப் போனேன்.
குழாயைத் திறக்கக்
கொஞ்சம் நேரமானது.